மேலே நானூறு அடி

1967 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை, விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்குத் தெற்கே ஒரு புஞ்சையின் தென் எல்லையில், வரப்போகும் சாலைக்காக முதல் கல் நடப்பட்டது. புஞ்சையின் தென்மேற்கு மூலையிலிருந்து அந்தக் கல் நூறு அடி தள்ளி இருந்தது.

கல் நட்டவர்கள் கிளம்பும்போது குஞ்சிதபாதம் குறுக்கே போய் நின்றார். அந்தப் புஞ்சையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அவர். ஊறுகாய் ஜாடி சுடுவதற்கு அங்கே சூளை கட்டுவதாக இருந்தார்.

"அடுத்த கல் எப்போ நடுவேள்?"

"பொங்கல் கழிச்சுத்தான் சார்."

"எந்தப் பக்கமா?"

அளவுக்காரர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "பழைய டிராலி லைன் இருந்துச்சில்ல, அதுக்கு இணையாப் போவும். அவ்வளவுதான் எங்களுக்கு உத்தரவு. புள்ளி வச்சுக் காட்டுன்னா நான் எங்க போவேன்?"

பொங்கல் வரை காத்திருக்கக் குஞ்சிதபாதத்தால் முடியாது. நிலக்கரி பெர்மிட் கொடுக்கும் அதிகாரி தீபாவளிக்கு முன்னால் தொழிற்பேட்டைப் பக்கம் வருவார். கட்டி நிற்கும் சூளையைப் பார்த்தால்தான் எழுதிக்கொள்வார். அந்த முறை விட்டால் அடுத்த வருஷம்தான். மழைக்கு முன்பே சுவர் எழும்பிக் காய்ந்திருக்கவும் வேண்டும். பதினோரு வருஷம் பார்த்த கணக்கு வாத்தியார் வேலையை அந்த ஜூன் மாதம்தான் அவர் விட்டிருந்தார். சனி ஞாயிறுகளில் பீங்கான் பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டதை நம்பி விட்ட வேலை அது. கட்டிய சூளையைப் பெயர்த்து வேறு இடத்தில் வைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே சாலை புஞ்சைக்குள் எப்படிப் போகும் என்பது இப்போதே தெரிந்தாக வேண்டியிருந்தது.

குத்தகைக்கு எடுத்த புஞ்சையின் வரைபடம் அவரிடம் இருந்தது. கிழக்கு மேற்காக இருநூறு அடி, வடக்குத் தெற்காக நூற்றிருபது அடி. வடக்கைக் காட்டும் அம்புக்குறி தாளின் மேல் ஓரத்தில் இருந்தது. அதில் இல்லாதது டிராலி லைன். ஒரு காலத்தில் அதில் மண் வண்டிகள் ஓடின. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய் வருஷக்கணக்காகிவிட்டது. புஞ்சையிலிருந்து அரை மைலுக்கு அப்பால், வேலிகாத்தான் மண்டிய காட்டுக்குள், லைனின் இரண்டு கற்கள் மட்டும் நின்றன.

அந்தக் கற்களை அளந்துவரும் வேலையைப் பழமலை ஏற்றுக்கொண்டார். நிலத்தின் சொந்தக்காரர் அவர்தான். கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் பத்துத் தலைமுறையாக இருந்த குடும்பம். சுரங்கத்துக்கு நிலமும் வீடும் போனபின் இங்கே வந்து இந்தப் புஞ்சையை வாங்கினார். கிழக்குப் பகுதியைக் குஞ்சிதபாதத்துக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அதன் மேற்கு எல்லைக்கு அப்பால் ஒட்டினாற்போல் ஒரு துண்டைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். அங்கே வீடு கட்டும்வரை தொழிற்பேட்டை ஓரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையில் குடியிருந்தார்கள்.

அளந்த அன்று குஞ்சிதபாதத்துக்குக் காய்ச்சல் விட்டு இரண்டாம் நாள். காட்டுக்குள் போகத் தெம்பில்லை. பழமலையே அவர் வீட்டுக்கு வந்து, கூடத்தில் நின்றபடி சொன்னார்.

"பனைமரத்துக்கிட்ட ஒரு கல்லு இருக்குதுங்க. அங்கேர்ந்து மேலே நானூறு அடி. அப்புறம் சோத்தாங்கைப் பக்கம் முந்நூறு. அடுத்த கல்லு நிக்குது. நடுவுல முள்ளு, நேராப் போவ முடியல. அதான் சுத்திக்கிட்டுக் கயிறு போட்டேன்."

"நேரா வேண்டவே வேண்டாம், பழமலை. எனக்கு வேண்டியது இந்த ரெண்டும்தான்."

"கயிறு புடிச்சது எம்பொண்டாட்டி. அளவு கூடக்கொறைய இருந்தா அவளத்தான் கேக்கணும்."

"நன்னாயிருக்கு. தப்புன்னா அவா, சரின்னா நீங்களா?"

பழமலை சிரித்துக்கொண்டு போனார். குஞ்சிதபாதம் கட்டம் போட்ட தாளை எடுத்தார். பள்ளிக்கூடத்தை விட்டபின் அதைத் தொடுவது அதுவே முதல் தடவை. மனைவி ஜகதாம்பாள் கஞ்சி கொண்டுவந்து வைத்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

"இணைகோடுன்னா ரெண்டுக்கும் சாய்வு ஒண்ணு" என்றார் அவளிடம். "ஒண்ணோட சாய்வு தெரிஞ்சா போதும். இன்னொண்ணுல ஒரு புள்ளி தெரிஞ்சா, பாக்கி எல்லாப் புள்ளியையும் உக்காந்த எடத்துலேர்ந்தே சொல்லிடலாம்."

"ரெண்டும் எங்கேயும் சேராமலே போயிண்டிருக்குமா?"

"சேராது."

"உங்களையும் உங்க தம்பியையும் மாதிரி."

அவர் கணக்கில் இருந்தார். மேலே நானூறு, வலது கைப்பக்கம் முந்நூறு. ஏற்றத்தைப் பக்கவாட்டு ஓட்டத்தால் வகுத்தால் மூன்றில் நான்கு. அதுதான் பழைய லைனின் சாய்வு, அதுவே புதிய சாலையின் சாய்வும். சாலை தென் எல்லையில் நூறாவது அடியில் தொடங்குகிறது. வட எல்லை நூற்றிருபது அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே சாலை எத்தனையாவது அடியில் போய் முட்டும் என்பது மட்டும்தான் தெரியாத எண். நூற்றிருபதை மூன்றில் நான்கால் வகுத்தால் தொண்ணூறு. நூறும் தொண்ணூறும் நூற்றுத்தொண்ணூறு. சாலை வலப்புறம் சாய்ந்து ஏறி, வடகிழக்கு மூலைக்குப் பத்தடி முன்னால் வெளியேறிவிடுகிறது. மேற்குப் பாதி முழுவதும் அதன் கைக்குத் தப்பிய இடம்.

இரண்டாம் தடவையும் போட்டுப் பார்த்தார். அதே விடை வந்தது.

மறுநாள் பழமலையிடம் சொன்னார்: "சூளையை மேற்குப் பாதியிலே கட்டிடலாம். ரோடு நம்ம சூளைக்கும் வராது, உங்க துண்டுக்கும் வராது."

"நெசமாவா? ஆபீஸ்ல சொன்னாங்களா?"

"அதெல்லாம் தெரிஞ்சுடுத்து. கவலையை விடுங்கோ."

பழமலை அன்று வீட்டுக்குப் போய்த் தன் மனைவி சொர்ணாம்பாளிடம், வாத்தியார் ஆபீஸில் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார் என்று சொன்னார். அவள் மறுபடி கேட்டதற்கும் அதையே சொன்னார். கொட்டகையில் எத்தனை மழைக்காலம் கிடப்பது என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தவள். வீடு கட்ட நாள் பார்த்தார்கள்.

சூளைக்கு மேற்கு எல்லையிலிருந்து நாற்பதடி, தென் எல்லையிலிருந்து ஐம்பதடி என்று நடுப்புள்ளி குறித்தார்கள். கொத்தனார் தனக்கோடி சேத்தியாத்தோப்பிலிருந்து வந்து தங்கி வேலை செய்தார். செங்கல் வட்டம் எழுந்தது, உள்ளே சூட்டைத் தாங்கும் தீக்கல் வரிசை ஏறியது, புகைபோக்கி நின்றது. பக்கத்துக் கொட்டகையில் இன்னும் சுடாத பச்சை ஜாடிகள் வரிசையாகக் காய்ந்தன. அக்டோபர் நடுவில் கூரை வளைவு மூடியாயிற்று. அவசரத்தில் கட்டிய சூளை என்று யாரும் சொல்ல முடியாதபடி இருந்தது.

சூளைவாய்க்குக் கதவு பொருத்திக்கொண்டிருந்த ஒரு காலையில், பழமலை தன் துண்டில் வீட்டுக்குக் கடைக்கால் வெட்ட நூல் பிடித்துப் பார்த்தார். தனக்கோடி அந்தக் கோடியில் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். குஞ்சிதபாதம் சூளை நிழலில் உட்கார்ந்து ஜாடி மூடிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னுங் கொஞ்சம் மேலே போ" என்று பழமலை கத்தினார். "மேலே, மேலே. இன்னும் ரெண்டடி."

தனக்கோடி நூலை உயர்த்தவில்லை. நூலோடு பின்னால் நடந்தார். காலை வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேற்கே இரண்டடி போய் நின்றார்.

குஞ்சிதபாதம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தார்.

"பழமலை, அவரை எங்கே போகச் சொன்னேள்?"

"மேலேதான் சார். வாசப்படி வெயிலுக்கு எதுக்க வந்திரக் கூடாது பாருங்க."

"மேலேன்னா?"

பழமலை சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையை நீட்டினார். "மேலேன்னா மேலேதாங்க. இந்தண்ட கீழே."

குஞ்சிதபாதம் பிறந்தது சிதம்பரத்தில் மேலவீதியில். மேலவீதி கோயிலுக்கு மேற்கே இருக்கிறது, கீழவீதி கிழக்கே. அந்த வீதிகளைச் சுற்றிச் சுற்றி வளர்ந்தவர். ஆனால் பதினோரு வருஷம் கரும்பலகைக்கு எதிரே நின்றவருக்கு, தாளைக் கையில் எடுத்துவிட்டால் மேலே என்பது தாளின் மேல்பக்கம்தான். பழமலை சொன்னதை அவர் தாளில்தான் போட்டுப் பார்த்தார்.

எழுந்து, மேற்கைப் பார்த்து நின்றுகொண்டார். சோற்றுக்கையை நீட்டினார். அது வடக்கைக் காட்டியது. மேற்கே நானூறு, வடக்கே முந்நூறு. பழைய லைன் வலப்புறம் சாயவில்லை, இடப்புறம் சாய்ந்திருந்தது. அதன் சாய்வு நான்கில் மூன்று, அதுவும் இறங்குமுகம், கழித்தல் குறியோடு. தென் எல்லையில் நூறாவது அடியில் தொடங்கும் சாலை, மேற்கு எல்லையை எழுபத்தைந்தாவது அடியில் தொடும். அங்கிருந்து பழமலையின் துண்டுக்குள் நுழையும், கடைக்காலுக்கு நூல் பிடித்த இடத்தில். சூளையின் நடுப்புள்ளிக்கு நேரே சாலையின் நடு, தென் எல்லையிலிருந்து நாற்பத்தைந்தாவது அடியில் வருகிறது. இவர் குறித்தது ஐம்பது.

"என்ன சார், உடம்பு சரியில்லீங்களா?" என்றார் தனக்கோடி.

"வெயில்" என்றார் குஞ்சிதபாதம்.

அன்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் ஜகதாம்பாள் மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"அவாளுக்குச் சொன்னேளா?"

"பெர்மிட் ஆபீசர் இந்த வாரமோ அடுத்த வாரமோ வரார். இப்போ சொன்னா பழமலை வேலையை நிறுத்திடுவார். தனக்கோடி ஊருக்குப் போயிடுவார். ஆபீசர் வரச்சே அங்கே ஒருத்தரும் இருக்க மாட்டா."

"அவா வீடு?"

"ஒரு வாரம்தானே. அதுக்குள்ளே எவ்வளவு கட்டிடப் போறா?"

"கடைக்கால் வெட்டிக் கல்லு போட்டா, அதுவும் வீடுதானே. ஏற்கெனவே ஒண்ணைப் பறிகொடுத்தவா. இன்னொண்ணும் போனா அந்தப் பொண்ணு உங்களை என்ன சொல்லுவாளோ, அதை நான் கேக்க வேண்டாம்னு பாக்கறேன்."

"எனக்கும் ஒண்ணு போறது, ஜகதா."

"போறது. நான் இல்லேன்னேனா?"

மறுநாள் காலை அவர் தனியாகக் காட்டுக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முள்ளை விலக்கிக்கொண்டு, பனைமரத்துக் கல்லைக் கண்டுபிடித்தார். ஆகஸ்டிலேயே செய்திருக்கக் கூடிய வேலை. அந்தக் கல்லில் நின்று பார்த்தால் மற்றொரு கல் தெரியவில்லை. ஆனால் வேலிகாத்தான் புதர்களுக்கு நடுவே ஒரு நீண்ட மேடு வடமேற்காகப் போவது தெரிந்தது. அந்த மேட்டின் மேல்தான் தண்டவாளம் இருந்திருக்க வேண்டும். எண் எதுவும் இல்லாமலே, ஒரு பார்வையில், சாலை எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடலாம். திரும்பும்போது முழங்கைக்குக் கீழே இரண்டு இடங்களில் முள் கிழித்திருந்தது.

நேராகப் பழமலையின் துண்டுக்கு வந்தார். மண்வெட்டியோடு பழமலையும் சொர்ணாம்பாளும் இருந்தார்கள். கடைக்கால் ஒரு பக்கம் முழங்கால் ஆழத்துக்கு வெட்டியாகியிருந்தது.

"நிறுத்துங்கோ, பழமலை. ரோடு இங்கேதான் வரப் போறது."

பழமலை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "ஆபீஸ்ல மாத்திட்டாங்களா?"

"ஆபீஸ்ல ஒண்ணுமே சொல்லலை. நான் ஆபீஸுக்குப் போகவே இல்லை. நீங்க அளந்து சொன்னதை வச்சு நான்தான் கணக்குப் போட்டேன். நீங்க மேலேன்னேள். நான் அதை வடக்குன்னு வச்சுண்டுட்டேன்."

பழமலை அவரையே பார்த்தார்.

"மேலேன்னா வடக்கா? எந்த ஊர்ல சார்?"

"தாள்ல."

"தாள்ல" என்று பழமலை திரும்பச் சொன்னார். "நல்லவேளை, வானத்துல நட்டிருக்காங்கன்னு நெனைக்காம போனீங்க."

சொர்ணாம்பாள் தன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "ஆபீஸ்ல கேட்டுட்டாருன்னு நீதான சொன்ன? ஒரு வாட்டியா சொன்ன?"

"அவரு தெரிஞ்சிடுச்சின்னாரு. நான் ஆபீஸ்தான்னு நெனச்சேன்."

"நெனச்ச. அவரு ஒண்ணு நெனச்சாரு, நீ ஒண்ணு நெனச்ச. நான் கயிறு புடிச்சேன். என்னய யாரு கேட்டீங்க?" அவள் மண்கூடையைத் தரையில் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "கம்மாபுரத்துல நெலத்த எடுக்க வந்தப்பவாவது சொல்லிட்டு வந்தாங்க."

சூளைப் பக்கமிருந்து தனக்கோடி செங்கல்லைத் தட்டும் சத்தம் கேட்டது.

பிறகு பழமலை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "சார், அந்தக் கல்லுங்கள வச்சுத்தான அளப்பாங்க? ஒரு கல்ல ராவோட ராவா கொஞ்சம் நவுத்திப்புட்டா? காட்டுக்குள்ள எவன் பாக்கப் போறான்?"

குஞ்சிதபாதம் வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தார். ஆனால் அதற்குள் மனம் கணக்கில் இறங்கிவிட்டது. சாலை சூளையைத் தொடாமல் தெற்கே ஒதுங்கிப் போக வேண்டுமானால், சாய்வு நான்கில் மூன்று இருக்கக் கூடாது, நான்கில் ஒன்றாக வேண்டும். நானூறுக்கு முந்நூறு என்பது நானூறுக்கு நூறு ஆக வேண்டும்.

"இருநூறு அடி நகர்த்தணும்" என்றார்.

"இருநூறா?"

"மேடு அப்படியே கிடக்கு, பழமலை. இன்னிக்குத்தான் பாத்தேன். கல்லை மட்டும் நகர்த்தினாப் போறாது, அந்த மேட்டையே நகர்த்தணும். அவாகிட்டே படமும் இருக்கும்."

"இந்தக் கணக்கு சரிதானா? மறுபடி எதுனா மேல கீழ ஆயிருக்கப் போவுது."

பதிலுக்கு நிற்காமல் பழமலை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒங்க சூளைய என்ன பண்ணுவீங்க?"

"ஜாடி காஞ்சுடுத்து. ஒரு தடவை சுட்டுடறேன்."

வீட்டுக்கான இடத்தைப் பழமலை துண்டின் தென்கோடிக்கு மாற்றிக்கொண்டார். வெட்டிய மண்ணைத் திரும்பத் தள்ளி மூடினார்கள். அதன்பின் சூளை வேலைக்கு அவர் வரவில்லை, சண்டையும் போடவில்லை. எதிரே பார்த்தால், "என்னாங்க சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பெர்மிட் அதிகாரி அக்டோபர் கடைசியில் வந்தார். அன்று சூளை எரிந்துகொண்டிருந்தது. சுற்றி வந்து பார்த்துவிட்டு, கட்டுமானம் நன்றாக இருக்கிறது என்றார்.

"இடத்துல வில்லங்கம் எதுவும் இல்லையே?"

நெருப்புவாயில் விறகு தள்ளிக்கொண்டிருந்த தனக்கோடி நிமிர்ந்து பார்த்தார். இல்லை என்று சொன்னால் காகிதத்தில் கையெழுத்து விழும். கல் நடுவதற்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

"இருக்கு" என்றார் குஞ்சிதபாதம். "ரோடு இதுமேலே வரும்."

"யார் சொன்னா? உத்தரவு ஏதாவது வந்ததா?"

"வரலை. கணக்குப் போட்டேன்."

அதிகாரி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்க சொல்லாம இருந்தா நான் எழுதிட்டுப் போயிருப்பேன். சொல்லிட்டீங்களே. கல்லு நட்ட பெறகு பாத்துக்கலாம்" என்றார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது, பதம் பார்க்கச் சூளையிலிருந்து எடுத்து ஆறவைத்திருந்த சின்ன ஜாடி ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சூளை ஆறித் திறந்தபோது பெரும்பாலான ஜாடிகள் விரிசல் இல்லாமல் வந்திருந்தன. பழுப்பு மெருகு சீராக ஓடியிருந்தது. ஜகதாம்பாள் அன்று மட்டும் புஞ்சைக்கு வந்து, இரண்டு ஜாடிகளை எடுத்துக்கொண்டு போனாள்.

1968 ஜனவரி கடைசி வாரத்தில் மேற்கு எல்லையில் இரண்டாவது கல் நடப்பட்டது. தென்மேற்கு மூலையிலிருந்து எழுபத்தைந்து அடி. சூளை சாலைக்குள் இருந்தது. மார்ச்சில் அதைப் பிரித்தார்கள். தீக்கற்களைத் தொழிற்பேட்டையில் இருந்த வேறொரு கம்பெனி எடுத்துக்கொண்டது. பழமலை தென்கோடியில் வீடு கட்டி வைகாசியில் குடிபோனார். அதே மாதம் குஞ்சிதபாதம் திட்டக்குடிக்கு அந்தப் பக்கம் மங்களூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தார்.